சூத்திரம் தெரிந்தால் போதாதா? கனிமத்துக்கு அமைப்பு எதற்கு?

வாசகர் கேள்வி: பிப்ரவரி 3, மாலை 6.40

கனிமங்களைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். புத்தகத்தில் பாதி படிக அமைப்பிலேயே போகிறது. அறுகோணம், நான்முகி, தளம், அச்சு என்று தலை சுற்றுகிறது. ஒரு கனிமத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் அதன் பயனும் தெரிந்துவிடும்தானே? இரும்பு இருந்தால் இரும்புத் தாது, ஈயம் இருந்தால் ஈயத் தாது. அணுக்கள் எப்படி அடுக்கியிருந்தால் நமக்கென்ன?

பதில்: பிப்ரவரி 3, இரவு 9.15

உருக்கி உலோகம் எடுப்பது மட்டும்தான் பயன் என்றால் நீங்கள் சொல்வது பாதி நிற்கும். ஆனால் ஜிப்சம், களிமண், மைக்கா, டால்க், குவார்ட்ஸ், பேரைட் எல்லாம் உலோகம் எடுக்க அல்ல, கனிமமாகவே வேலைக்குப் போகின்றன. அங்கே எந்தத் தனிமம் இருக்கிறது என்பதைவிட அது எப்படிக் கோத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வைரத்தையும் கிராஃபைட்டையும் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எண்களோடு பார்த்தால்தான் அதன் அருமை புரியும். இரண்டும் கார்பன் மட்டுமே. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களைச் சம வலுவோடு பிடித்திருக்கிறது. பிணைப்பின் நீளம் 0.154 நானோமீட்டர். கிராஃபைட்டில் ஒவ்வொன்றும் மூன்றைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி வைரத்தைவிடவும் இறுக்கம்: 0.142. ஆனால் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி, அங்கே இருப்பது மிகப் பலவீனமான ஈர்ப்பு. அதனால் கிராஃபைட்டை ‘மென்மையான கார்பன்’ என்று சொல்லிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். தளத்துக்குள் அது அசாத்திய வலு. தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன, அவ்வளவுதான். தாளில் எழுதினால் உதிர்வதும், பூட்டுக்குள் மசகாகப் போவதும் அந்த வழுக்கலால்தான். வைரத்தில் நான்காவது பிணைப்புக்குப் போய்விடும் எலக்ட்ரான் இங்கே தளத்துக்குள் தாராளமாக உலவுகிறது. ஆகவே கிராஃபைட் மின்சாரம் கடத்தும், வைரம் கடத்தாது.

வைரமும் கார்பன்தான் என்று 1797-இலேயே ஆங்கில வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் எரித்துக் காட்டிவிட்டார். இரண்டும் ஏன் இத்தனை வேறுபடுகின்றன என்று சொல்ல அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. வைரத்துக்குள் அணுக்கள் நிற்கும் இடத்தை இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் 1913-இல் எக்ஸ்ரே கொண்டு கண்டார்கள். சூத்திரம் கையில் இருந்தும் விடை இல்லாத காலம் அது.

பிப்ரவரி 3, இரவு 9.50

கனிமம் என்றால் என்ன என்று சொல்லாமலே தொடங்கிவிட்டேன். இயற்கையில் உருவானது, திடப்பொருள், வரையறைக்குட்பட்ட வேதியியல் சேர்மானம், உள்ளே அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கு. பனிக்கட்டி கனிமம், தண்ணீர் அல்ல. கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லை, எரிமலையே செய்த கண்ணாடியானாலும் சரி. நிலக்கரி அல்ல. ஓப்பலும் கண்டிப்பாகச் சொன்னால் அல்ல. அதற்குள் சிலிக்காவின் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) நுண்ணிய உருண்டைகள் வரிசையாக நிற்கும், ஆனால் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் அணுக்கள் தாறுமாறு. கிரானைட் பல கனிமங்கள் சேர்ந்த பாறை. அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட்டும் பாறைதான். அதற்குள் இருக்கும் கிப்சைட், போமைட், டயாஸ்போர் ஆகியவைதான் கனிமங்கள். திரவப் பாதரசத்தை மட்டும் விதிவிலக்காகக் கனிமப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, காலை

கால்சைட் துண்டு ஒன்று எப்போதும் என் மேசைமேல் இருக்கும். நேற்று இரவு அதை மறுபடி கையில் எடுத்தேன்.

தெளிவான கால்சைட்டை ஒரு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது நொறுங்காது. சரிந்த பெட்டி போன்ற வடிவத்தில் பிரியும். ஒவ்வொரு முகத்திலும் இரண்டு கோணங்கள் சுமார் 78 டிகிரி, மற்ற இரண்டும் சுமார் 102. அதில் ஒன்றை எடுத்து இன்னும் தட்டுங்கள், சின்னதாக அதே பெட்டி, அதே கோணம். உருப்பெருக்கியில் பார்க்க வேண்டிய அளவுக்குப் பொடித்தாலும் அதே கோணம்தான். இதைத்தான் பிளவு என்கிறோம்: பிணைப்பு பலவீனமான தளங்களில் கல் தானாக வழிவிடுவது. குவார்ட்ஸைத் தட்டினால் இப்படி வராது. எல்லாப் பக்கமும் பிணைப்பு ஏறக்குறைய ஒரே வலு என்பதால், உடைந்த கண்ணாடிபோலச் சிப்பி வளைவாகத் தெறிக்கும். ஒரு தட்டில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

அந்தத் துண்டை ஒரு புள்ளி வைத்த தாளின்மேல் வைத்தால் புள்ளி இரண்டாகத் தெரியும். கல்லைச் சுழற்றுங்கள். ஒரு புள்ளி அசையாமல் நிற்கும், மற்றது அதைச் சுற்றி வரும். 1669-இல் ராஸ்மஸ் பார்த்தோலின் இதை எழுதிவைத்தார். காரணம் இதுதான்: கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட், அதில் கார்பனேட் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன்) ஒவ்வொன்றும் தட்டையான முக்கோணம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன. அவற்றின் தளத்தோடு அதிரும் ஒளி ஒரு வேகத்தில் போகிறது, தளத்துக்குக் குறுக்கே அதிரும் ஒளி இன்னொரு வேகத்தில் போகிறது. அணு அடுக்கை வெறும் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அதே 1669-இல்தான் ஸ்டெனோ, குவார்ட்ஸ் படிகம் பெரிதோ சிறிதோ, கோணலோ நேரோ, முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது என்று எழுதினார். அணு என்று ஒன்றை யாரும் காட்டியிராத காலத்தில் கோணத்தை அளந்தே உள்ளே ஓர் ஒழுங்கு இருப்பதை மோப்பம் பிடித்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

பிப்ரவரி 5, மதியம்

காலையில் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். கால்சைட்டும் அரகொனைட்டும் இரண்டுமே கால்சியம் கார்பனேட். கால்சைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.71 கிராம், அரகொனைட் 2.93. அரகொனைட்டில் அந்தப் பெட்டிப் பிளவு கிடையாது. முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பு அரகொனைட் தகடுகளால் ஆனது. கேள்வி கேட்டவருக்கு இதுவும் ஒரு பதில்.

பிப்ரவரி 6

“வைரம் உடையவே உடையாது, சுத்தியலால் அடித்துச் சோதிக்கலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். கடினம் என்றால் கீறலைத் தாங்குவது. அடி தாங்குவது வேறு குணம். வைரத்துக்கு நான்கு திசைகளில் சுத்தமான பிளவு உண்டு. சரியான இடத்தில் ஓர் அடி விழுந்தால் இரண்டாகிவிடும். வைரம் வெட்டுபவர்கள் காலங்காலமாக அந்தப் பிளவை நம்பித்தான் பெரிய கல்லைப் பிரித்தார்கள். மறுபக்கம் நெஃப்ரைட் என்னும் ஜேடு கல்லின் கடினம் பத்துக்கு 6 அல்லது 6.5 மட்டுமே. ஆனால் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அதை உடைப்பது பெரும்பாடு. கற்கால மக்கள் கோடாரிக்கு அதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

கடினத்தை அளக்க ஜெர்மன் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் தந்த பத்துப் படி அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10. இது வரிசை மட்டும்தான். 9-க்கும் 10-க்கும் உள்ள தூரம் 1-க்கும் 9-க்கும் உள்ளதைவிடப் பெரிது.

கயனைட் என்று ஒரு நீலக் கனிமம் உண்டு. நீளவாக்கில் கத்தியால் கீறினால் கீறல் விழும், கடினம் 5-க்குள். குறுக்குவாக்கில் அதே கத்தி வழுக்கும், அங்கே 6.5-க்கு மேல். ஒரே கல், ஒரே சூத்திரம், திசை மட்டும் வேறு.

பிப்ரவரி 9, இரவு

சிலிக்கேட், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமக் குடும்பம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புவியோட்டின் எடையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 46 விழுக்காடு, சிலிக்கான் 28. ஆகவே நாம் நடக்கும் தரை முக்கால் பங்கு இந்த இரண்டுதான். ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி வடிவில். இதுதான் செங்கல். செங்கல் ஒன்றாகவே இருந்தாலும் கட்டுகிற விதத்தில் தூணாகவும் சுவராகவும் கூடமாகவும் ஆவதுபோல இதுவும் ஆகிறது.

நான்முகிகள் தனித்தனியாக நிற்க, இடையில் மக்னீசியமும் இரும்பும் கட்டிப்பிடித்தால் ஒலிவின். ஒன்றையொன்று மூலையில் தொட்டு ஒற்றைச் சங்கிலியானால் பைராக்சீன். இரட்டைச் சங்கிலியானால் ஆம்பிபோல். கறுப்பாக இருக்கும் இந்த இரண்டையும் பார்த்தவுடன் பிரிக்க முடியாமல் பலர் திணறுவார்கள். பிளவைப் பாருங்கள்: பைராக்சீனில் இரண்டு பிளவுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் சந்திக்கும், ஆம்பிபோலில் சுமார் 56, 124 டிகிரி. சங்கிலி ஒற்றையா இரட்டையா என்பது கோணத்திலேயே எழுதியிருக்கிறது. உருப்பெருக்கியை வைத்து முதன்முதலில் அந்தக் கோணத்தைப் பார்த்த மாணவர் ஒருவர் அன்று வீட்டுக்குப் போகவே மறுத்துவிட்டார்; அந்த மகிழ்ச்சி எனக்கு நன்றாகப் புரிந்தது.

சங்கிலிகள் பக்கவாட்டில் சேர்ந்து விரிப்பானால் மைக்கா, டால்க், களிமண் கனிமங்கள். எல்லா மூலையும் இணைந்து முப்பரிமாணச் சட்டகமானால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். புவியோட்டில் பாதிக்கும் மேல் ஃபெல்ட்ஸ்பார் வகைதான். பீங்கானுக்கும் அதன் மெருகுக்கும் அது இல்லாமல் முடியாது. சூளையில் முதலில் உருகி மற்றவற்றைப் பிடித்து ஒட்டுவது அதுதான்.

மைக்காவை ஒரு ஊசிமுனையால் ஓரத்தில் நெம்பிப் பாருங்கள். ஏடு கழன்று வரும். அந்த ஏட்டை மறுபடி நெம்பலாம், அதையும் நெம்பலாம். நகத்தில் ஒட்டிக்கொண்டு ஊதினால் பறக்கிற அளவுக்கு மெலிந்த பிறகும் வளைத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். விரிப்புகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் மட்டும்தான் பசை; பிளவு அந்த வரிசையில் ஓடுகிறது. சூடும் மின்சாரமும் தாங்கும் தகடாக இஸ்திரிப்பெட்டிக்குள்ளும், மின்னும் தூளாக வண்ணப்பூச்சிலும் ஒப்பனைப் பொருளிலும் இருப்பது இதே ஏடுதான். டால்க்கில் அந்தப் பொட்டாசியமும் இல்லை. அதனால்தான் மோஸ் அளவுகோலில் அது 1.

பிப்ரவரி 12

வீட்டுச் சுவரில் மழைக்கொரு விரிசல், கோடைக்கொரு விரிசல் என்று எழுதியவருக்கு: அடித்தளத்துக்குக் கீழே மோன்ட்மோரிலோனைட் வகைக் களிமண் இருக்கிறதா என்று மண் பரிசோதனையில் கேளுங்கள். அதன் ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்து ஏடுகளை விலக்கும். காய்ந்தால் மறுபடி சேரும். வீடும் கூடவே ஏறி இறங்கும். கயோலினைட் என்னும் வெண்களிமண்ணில் ஏடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டியிருக்கின்றன, நீர் உள்ளே போகாது. வீங்குவதும் கெடுதலே என்று சொல்ல வரவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் ஊற்றும் சேற்றுக்குப் பென்டோனைட் என்ற வீங்கும் களிமண்தான் வேண்டும். அந்தச் சேற்றுக்கு எடை கூட்டப் பேரைட்டைப் பொடித்துப் போடுவார்கள். அதன் அடர்த்தி 4.5.

பென்சில் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் கோன்டே கண்ட முறை. களிமண் கூடினால் எழுத்து மெலியும், குச்சி கடினமாகும். இரண்டு ஏட்டுக் கனிமங்கள், ஒன்று வழுக்க, ஒன்று பிடிக்க.

பிப்ரவரி 13

ஜிப்சத்தை விட்டுவிடக் கூடாது. கால்சியம் சல்பேட் ஒன்றுக்கு நீர் மூலக்கூறு இரண்டு, ஏடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு போய் வெள்ளைப் பொடி ஆகும். அதில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான ஜிப்சம் படிகங்களாக வளர்ந்து ஒன்றோடொன்று சிக்கி இறுகும். இறுகும்போது கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு, கூரை அலங்காரம், சிற்பத்தின் அச்சு எல்லாம் இந்த ஒரே நிகழ்ச்சி. சிமென்ட் உடனே இறுகிவிடாமல் இருக்கவும் அரைக்கும்போது சிறிது ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000-இல் சுரங்கத் தொழிலாளர்கள் கண்ட குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் வரை நீண்டிருந்தன. சுமார் 58 டிகிரி வெப்ப நீருக்குள், வெப்பம் அதிகம் ஏறி இறங்காமல், மிக மெதுவாக வளர்ந்தவை.

பிப்ரவரி 16

நிறத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு: கடைசியாக நம்புங்கள். குருந்தம் அலுமினியம் ஆக்சைடு, சுத்தமாக இருந்தால் நிறமே இல்லை. அலுமினியத்தின் இடத்தில் சிறிதளவு குரோமியம் உட்கார்ந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் உட்கார்ந்தால் நீலக்கல். பெரில் கனிமத்தில் அதே குரோமியம் போய் உட்கார்ந்தால் மரகதப் பச்சை! குரோமியம் மாறவில்லை. இரண்டிலும் அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள்தான். மாணிக்கத்தில் நெருக்கி நிற்கின்றன, மரகதத்தில் கொஞ்சம் தளர்வு. அந்தச் சிறு வித்தியாசம் சிவப்பைப் பச்சையாக்கிவிடுகிறது. இந்த உரையாடலிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

அடையாளம் காணத் தூளின் நிறம் நல்ல சாட்சி. மெருகிடாத வெள்ளைப் பீங்கான் துண்டில் தேய்த்துப் பாருங்கள். எஃகுபோலக் கறுத்து மின்னும் ஹேமடைட் செம்மண் நிறக் கோடு இழுக்கும். பொன்னிறப் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு இழுக்கும். தங்கம் மஞ்சளாகவே இழுக்கும்.

பிப்ரவரி 17

பைரைட் என்றதும் நினைவுக்கு வந்தது. பைரைட்டும் மார்கசைட்டும் ஒரே இரும்பு சல்ஃபைடுதான், அடுக்கு வேறு. நான் பார்த்த பழைய சேகரிப்பு ஒன்றில் மார்கசைட் வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது கல்லின் மேல் சாம்பல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கீழே இருந்த பெயர்ச்சீட்டு பழுப்பாகித் தொட்டதும் உதிர்ந்தது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து சல்ஃபைடைச் சிதைத்துக் கந்தக அமிலம் உண்டாக்கிவிடும். பைரைட்டுக்கும் இது வரும், மார்கசைட்டுக்கு இன்னும் சுலபமாக வரும். சேகரிப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு மூடிவையுங்கள். மற்ற கற்களோடு ஒரே பெட்டியில் வேண்டாம்.

பிப்ரவரி 20

கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் என்ன செய்கிறது? 1880-இல் ஜாக் கியூரியும் பியர் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கிறது என்று கண்டார்கள். குவார்ட்ஸ் அதில் ஒன்று. திருப்பிச் செய்தால், மின்சாரம் கொடுத்தால் கல் அதிரும். இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னக் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிரும்படி அளவெடுக்கப்படுகிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று. இந்தக் குணம் வரக் காரணம், குவார்ட்ஸின் அடுக்கில் சமச்சீர் மையம் (எந்த அணுவுக்கும் நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் அதே அணு நிற்கும் ஒரு நடுப்புள்ளி) இல்லை என்பதே. அதே சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கினால் அது அழுத்தத்துக்கு மின்சாரம் தராது.

முதல் நாள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: உலோகம் எடுக்கவும் அமைப்பு வேண்டும். லித்தியம் தரும் ஸ்போடுமீன் இயற்கையில் இறுக்கமான அடுக்கு, அமிலத்துக்கு எளிதில் மசியாது. 1000 டிகிரிக்கு மேல் வறுத்தால் அடுக்கு மாறி அடர்த்தி சுமார் 3.15-லிருந்து 2.4-க்கு இறங்கும். அப்புறம்தான் அமிலம் லித்தியத்தை வெளியே இழுக்க முடிகிறது. வறுப்பதற்கு முன்னும் பின்னும் சூத்திரம் ஒன்றேதான்.

பிப்ரவரி 24

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸும் மைக்காவும் ஒன்றா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்பது இழையாக வளரும் சில கனிமங்களுக்குப் பொதுப்பெயர். அதிகம் பயன்பட்டது கிரைசோடைல். அதில் சிலிக்கா விரிப்பும் மக்னீசிய விரிப்பும் ஒட்டியிருக்கும். மக்னீசிய விரிப்பு அளவில் சற்றுப் பெரிது. பொருந்துவதற்காக இரண்டும் சுருண்டு குழலாகிவிடும். அந்தக் குழல்தான் இழை. அதே சேர்மானம் தட்டையாக வளர்ந்தால் லிசார்டைட், சாதாரணப் பச்சைக் கல். நூலாக நூற்கவும் தீயைத் தாங்கவும் உதவிய அந்த இழை வடிவமேதான் நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்த் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாக்குகிறது.

குவார்ட்ஸ் தூளும் அப்படியே. படிக சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் முதல் பிரிவில் வைத்தது. படிகமல்லாத சிலிக்காவை அந்தப் பிரிவில் வைக்கவில்லை. கல் அறுக்கும் தொழிலில் இருந்த என் நண்பர் ஒருவருக்கு இன்று மாடிப்படி ஏற மூச்சு இல்லை. அவர் வேலை செய்த இடத்தில் யாரும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லவில்லை, முகக்கவசம் தரவில்லை. சிலிக்கா நோய் வந்த நுரையீரலில் தழும்பு ஆறாது. கல், ஓடு, கான்கிரீட் எதை அறுத்தாலும் நீர் விட்டு அறுங்கள். துணி கட்டினால் போதாது. நுண்தூசி வடிகட்டும் கவசம் வேண்டும்.

பிப்ரவரி 26

“ஆழத்தில் என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்குச் சுருக்கமாக. புவியோட்டுக்குக் கீழே உள்ள மேல் மூடகத்தில் ஒலிவின் மிகுதி. ஆழம் கூடக் கூட அதன் அடுக்கு மாறிக்கொண்டே வந்து, சுமார் 660 கிலோமீட்டருக்குக் கீழே அழுத்தம் தாங்காமல் சிதைந்து, சிலிக்கானைச் சுற்றி நான்குக்குப் பதில் ஆறு ஆக்சிஜன் நிற்கும் அடுக்கு பிறக்கிறது. பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமம் அதுதான். ஆனால் இயற்கை மாதிரி கையில் இல்லாததால் அதற்குப் பெயரே வைக்க முடியாமல் இருந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹாம் விண்கல்லுக்குள் அதைக் கண்டுபிடித்த பிறகு, 2014-இல் பிரிட்ஜ்மனைட் என்று பெயர் வந்தது.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் எந்தக் கற்களோடு தொடங்கலாம் என்று கேட்கிறார். குவார்ட்ஸ், தெளிவான கால்சைட், மைக்கா, ஜிப்சம், ஹேமடைட், கல்லுப்பு. இந்த ஆறு போதும். முதலில் பிளவைப் பாருங்கள், பிறகு கடினம், பிறகு தூளின் நிறம். உப்பு கனசதுரமாகப் பிரிவதைக் கால்சைட்டின் சரிந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிப்சத்தில் நகம் கீறும், கால்சைட்டில் கீறாது. கால்சைட்டின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெல்லிய குமிழிகள் வரும், சற்றுப் பொறுக்க வேண்டும். தட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாகக் குவார்ட்ஸுக்கு. அதன் சில்லு கத்தி மாதிரி.